எழுத்தில்லாத புத்தகமும் ஏணியில்லாத பள்ளிக்கூடமும்

எழுத்தே இல்லாத ஒரு புத்தகத்தால் யாருக்கும் ஒரு கெடுதலும் வராது என்று இருபத்திரண்டு வயதுவரை நம்பியிருந்தவள் நான். எழுத்து இருந்தால்தானே பிழை வரும், பிழை வந்தால்தானே வம்பு வரும் என்பது என் கணக்கு. அந்தக் கணக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் பிழையாகிப்போனது. பிழையாகிப்போன சத்தம் அரை மைல் தூரத்துக்குக் கேட்டது.

அறுபதுகளின் தொடக்கம் அது. ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையை விட்டு வெளியே வந்த சூடு ஆறுமுன்பே எனக்கு நியமனக் கடிதம் வந்துவிட்டது. ஒட்டுசுட்டானில் பஸ்ஸை விட்டிறங்கி மூன்று மைல் உள்ளே நடக்கவேண்டிய ஒரு குடியேற்றத் திட்டப் பள்ளிக்கூடம். வடமராட்சியில் எங்கள் வீட்டில் அந்தக் கடிதத்தை வாசித்துவிட்டு அம்மா சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

"அது காடு பிள்ளை. ஆனை திரியிற இடம்."

"காட்டிலையும் பிள்ளையள் இருக்கினம் அம்மா. அவைக்கும் அறிவு வேணும்" என்றேன். (கண்ணாடிக்கு முன்னால் நின்று இரண்டு முறை சொல்லிப் பார்த்த வசனம்.)

அப்பா அவ்வளவு சத்தம் போடவில்லை. "போட்டு வா. ஆனா இது தற்காலிக நியமனம். வித்தியாதரிசி வந்து பாத்து நல்ல மாதிரி எழுதினாத்தான் நிரந்தரமாக்குவினம். எழுதாட்டி மறு பஸ்ஸிலை வீட்டை வந்திடவேணும். பிறகு படிப்பிப்பு எண்ட கதையே கூடாது" என்றார். வித்தியாதரிசி என்பவர் பள்ளிக்கூடங்களைப் பரிசோதிக்க வரும் அதிகாரி. அந்தக் காலத்து ஆசிரியர்களுக்கு யமனுக்கு அடுத்தபடி அவர்தான்.

பள்ளிக்கூடம் ஒரே ஒரு நீள மண்டபம். கிடுகுக் கூரை, இடுப்பளவு சுவர், ஐந்து வகுப்புகள். வகுப்புக்கும் வகுப்புக்கும் இடையில் காற்றைத் தவிர வேறு மறைப்பு இல்லை. இரண்டாம் வகுப்பு என்னுடையது. நான் "நிலா எங்கே?" என்று கேட்டால் நாலாம் வகுப்பிலிருந்து "ஐம்பத்தாறு!" என்று பதில் வரும்.

கோடியில் ஐந்தாம் வகுப்போடு இருப்பவர் தலைமை ஆசிரியர். ஊரெல்லாம் அவரைப் பெரிய வாத்தியார் என்பார்கள். அவருடைய மேசைக்கு அருகில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கியது. அதுதான் மணி. மூன்று தட்டு தட்டினால் பாடம் மாறும். நிறுத்தாமல் தட்டினால் ஆனை, அல்லது தீ.

நான் கலாசாலையிலிருந்து கொண்டுவந்த பெரிய சொத்து ஒரு புத்தகம். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த எங்கள் விரிவுரையாளர் அம்மா எனக்கென்று தந்தது. பன்னிரண்டு பக்கம், பன்னிரண்டு வண்ணப் படம், ஓர் எழுத்துக்கூட இல்லை. படத்தைப் பார்த்துப் பிள்ளைகளே கதையைச் சொல்ல வேண்டும். ஆசிரியை கதை சொல்லக் கூடாது, "என்ன தெரியுது? யார் வந்திருக்கினம்? அடுத்து என்ன நடக்கும்?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருக்க வேண்டும்.

பெரிய வாத்தியார் அதை வாங்கி முன்னும் பின்னும் புரட்டினார். எழுத்து எங்கேயாவது ஒளிந்திருக்கிறதா என்று ஒற்றைகளுக்கு இடையிலும் பார்த்தார்.

"பிள்ளை, இதை எப்பிடிப் படிப்பிக்கிறது?"

"படிப்பிக்கிறதில்லை ஐயா. பிள்ளையள் தாங்களாப் பாத்து விளங்கிக்கொள்ளுவினம்."

"அப்ப உமக்கு என்ன வேலை?"

நான் சிரித்தேன். புது முறைகளை அறியாதவர்களைப் பார்த்துச் சிரிப்பதற்கென்று அப்போது ஒரு தனிச் சிரிப்பு வைத்திருந்தேன். நினைத்தால் இப்போதும் என் கன்னத்தில் நானே ஒன்று போடலாம்போல் இருக்கிறது.

உடனே அந்தப் புத்தகத்தைக் காட்டவில்லை. முதலில் நானே படங்கள் கீறி வகுப்பைப் பழக்கினேன். நான் கீறிய பசுவை முன்வரிசைப் பிள்ளைகள் கட்டில் என்றார்கள். பின்வரிசை அது உடைந்த கட்டில் என்றது. கோழி கீறியபோது, "இது கறிக்கு முன்னமோ பின்னமோ ரீச்சர்?" என்று ஒருத்தி உண்மையான அக்கறையோடு கேட்டாள். ஆனாலும் மெல்ல மெல்ல அவர்களுக்குப் பழகிவிட்டது. இருபத்துமூன்று பிள்ளைகளில் இருபத்திரண்டு பேர் வாய் ஓயாமல் கதைத்தார்கள்.

கதைக்காதவள் மனோன்மணி. ஏழு வயது. நான் அங்கே போவதற்கு ஒரு மாதம் முன்னர் அவர்கள் வீட்டுக் குசினிச் சுவரை ஓர் ஆனை தள்ளி விழுத்தியிருந்தது. உள்ளே இருந்த நெல் மூட்டைக்காக வந்த ஆனை. அங்கே சமைத்துக்கொண்டிருந்த தாய்க்குக் கை முறிந்ததோடு போயிற்று. அன்றிலிருந்து மகள் பள்ளிக்கூடத்தில் வாய் திறக்கவில்லை. பெயரைக் கூப்பிட்டால் எழும்பி நிற்பாள், அவ்வளவுதான். "அவ ஆனைக்குப் பயந்தவ ரீச்சர்" என்று மற்றப் பிள்ளைகள் எனக்கு விளக்கம் சொன்னார்கள்.

இவளைக் கதைக்க வைத்துக் காட்டுகிறேன் என்று நான் மனத்துக்குள் சபதம் செய்தேன்.

வித்தியாதரிசி வரும் நாள் தெரிந்ததும் வெளிநாட்டுப் புத்தகத்தை அன்றைக்கே முதன்முதலாகக் காட்டுவது என்று முடிவெடுத்தேன். பிள்ளைகள் புதிதாகப் பார்த்துப் புதிதாகச் சொல்லட்டும், பாடமாக்கிவைத்தார்கள் என்று அவர் நினைக்கக் கூடாது. 'பிள்ளைக்குத் தெரிந்ததிலிருந்து தொடங்கு' என்று கலாசாலையில் எங்களுக்கு ஓதியிருந்தார்கள். அந்த வகையில் இதைவிடப் பொருத்தமான புத்தகம் கிடைக்குமா?

அது ஓர் ஆனையைப் பற்றிய புத்தகம்.

(ஓம். நீங்கள் சரியாகத்தான் வாசித்தீர்கள். சுவர் விழுந்த குசினியையும் தெரியும், அந்தப் பிள்ளையையும் தெரியும், அதற்குப் பிறகும் நான் அதைத்தான் தெரிந்தெடுத்தேன். படத்து ஆனை அரைக் கோட்டுப் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்ததால் அது வேறு சாதி ஆனை என்று எனக்குப் பட்டது.)

செவ்வாய்க்கிழமை காலை வித்தியாதரிசி காரில் வந்து இறங்கினார். அந்த வெயிலில் சாம்பல் நிறக் கோட்டு, கழுத்துப் பட்டி, பளபளக்கும் சப்பாத்து. கனத்த உடம்பு. சாரதி காரை மாமர நிழலில் விட்டுவிட்டு உள்ளேயே கண்ணயர்ந்தான். பெரிய வாத்தியார் முதலில் அவரை என் வகுப்புக்குத்தான் கூட்டிவந்தார். பின்னால் ஒரு கதிரை போட்டு இருத்திவிட்டு, போகிற போக்கில் என் காதில், "எழுத்துப் புத்தகம் ஒண்டையும் பக்கத்திலை வைச்சுக்கொள்ளும்" என்றார்.

நான் புத்தகத்தை உயர்த்திப் பிடித்தேன். முதல் படம் ஒரு வீடு.

"என்ன தெரியுது?"

"வீடு!" "கல்வீடு!" "புகை வருது, சமைக்கினம்!" "நாய் படுத்திருக்கு, ஆனா குரைக்கேல்லை!"

வித்தியாதரிசி தலையாட்டினார். தன் கொப்பியில் ஏதோ எழுதினார்.

இரண்டாவது படத்தை நான் உடனே காட்டவில்லை. ஒரு துணியால் மூடி, ஆவலைத் தூண்டி, ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விலக்கினேன். (இது கலாசாலையிலும் சொல்லித்தராதது, என் சொந்தக் கண்டுபிடிப்பு.) முதலில் அடுப்பு தெரிந்தது. பிறகு அடுப்படியில் நிற்கும் ஒரு தாய். பிறகு ஜன்னல். பிறகு, ஜன்னல் நிறையச் சாம்பல் நிறத்தில் ஒரு முகம், ஒரு கண், உள்ளே நீளும் ஒரு தும்பிக்கை.

"யார் வந்திருக்கினம்?" என்று தேன் ஒழுகக் கேட்டேன்.

வகுப்பு மூச்சு விடவில்லை. இருபத்திரண்டு வாய்களும் திறந்தபடி நின்றன.

நடுவில் மனோன்மணி எழும்பினாள்.

"ஆனை!"

அந்த உடம்புக்குள் அப்படி ஒரு குரல் இருந்தது யாருக்கும் தெரியாது. கூரையில் இருந்த பல்லி விழுந்தது. "ஆனை! ஆனை! அம்மா, ஆனை!"

என் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு கணம் தடுமாற்றம். ஆனால் மூன்றாம் வகுப்பு படத்தைக் காணவில்லையே. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: வாயே திறக்காத மனோன்மணி கத்துகிறாள் என்றால் ஆனை கிட்ட நிற்கிறது. மூன்றாம் வகுப்பு அரைச்சுவரைத் தாண்டியது. அதைப் பார்த்து நாலாம் வகுப்பு தாண்டியது. அவர்கள் ஓடுவதைப் பார்த்து, படத்தைக் கண்ணால் கண்ட என் வகுப்பும் ஓடியது. பெரிய வாத்தியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்டவாளத்தில் தட்டத் தொடங்கினார். நிறுத்தவே இல்லை.

அடுத்த சில விநாடிகள் எனக்கு நினைவில்லை.

நினைவு திரும்பியபோது நான் உயரத்தில் இருந்தேன். பள்ளிக்கூடத்து அலுமாரிக்கு மேலே, கால் இரண்டையும் மடக்கி, சேலைத் தலைப்பை வாயில் கடித்துக்கொண்டு. ஆறடி அலுமாரி. கீழே ஒரு கதிரை இல்லை, வாங்கு இல்லை, கால் வைக்க ஒரு பிடி இல்லை. மண்டபத்தில் ஒரு மனுசரும் இல்லை. என் கக்கத்தில் ஏதோ கடினமாக உறுத்தியது. எடுத்துப் பார்த்தேன். அந்தப் புத்தகம். விரித்த பக்கத்தில் அரைக் கோட்டுப் போட்ட ஆனை என்னைப் பார்த்துச் சிரித்தது.

எந்த ஆனைக்குப் பயந்து ஏறினேனோ அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே ஏறியிருக்கிறேன்! அப்போதுதான் எனக்கு நிலைமை விளங்கியது. இறங்கிப்போய் எல்லோருக்கும் சொல்ல வேண்டும். ஆனால் எப்படி இறங்குவது?

அதற்குள் வயல்களிலிருந்து சனம் வந்துவிட்டது. தகரம் அடிக்கும் சத்தம். பட்டப்பகலில் இரண்டு பேர் பந்தம் கொளுத்திக்கொண்டு வந்தார்கள். ஊரில் துவக்கு வைத்திருந்த கந்தையா அண்ணை அதை நெஞ்சோடு அணைத்தபடி ஓடிவந்தார். வித்தியாதரிசியின் கார் நின்ற இடத்தில் புழுதிதான் இருந்தது. சாரதி ஒட்டுசுட்டானையே தாண்டியிருப்பான். கிணற்றுக் கட்டில் பிள்ளைகள் குவிந்து நின்றார்கள். முற்றத்துப் புளியமரத்தின் கீழே பளபளக்கும் ஒற்றைச் சப்பாத்து ஒன்று கிடந்தது.

மரத்தின் கவட்டில், இலைகளுக்கு நடுவில், சாம்பல் நிறத்தில் ஏதோ பெரிதாக அசைந்தது.

"அந்தா! அந்தா அசையுது!" என்றார் யாரோ.

ஆனை மரம் ஏறாது என்பது அந்த ஊரில் பிறந்த பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் ஒருவருக்கும் அது ஞாபகம் வரவில்லை. கந்தையா அண்ணை துவக்கை உயர்த்தினார்.

"சுட்டுப்போடாதையுங்கோ!" என்று மரம் கத்தியது. "நான் வித்தியாதரிசி!"

கந்தையா அண்ணை திடுக்கிட்டுத் துள்ளினார். நல்லகாலம், துள்ளும்போதே துவக்கு வானத்தைப் பார்த்துத் திரும்பிவிட்டது. வெடி கேட்டது. காகங்கள் ஊரை விட்டே பறந்தன. மரத்திலிருந்து இரண்டாவது சப்பாத்தும் விழுந்தது.

துவக்கைக் கீழே இறக்கிவிட்டுக் கந்தையா அண்ணை கேட்டார்: "அப்ப ஆனை எங்கை?"

சனம் பெரிய வாத்தியாரைப் பார்த்தது. அவர் நாலாம் வகுப்பைப் பார்த்தார். நாலாம் வகுப்பு மூன்றாம் வகுப்பைக் காட்டியது. மூன்றாம் வகுப்பு இரண்டாம் வகுப்பைக் காட்டியது. இரண்டாம் வகுப்பு ஒன்றாகத் திரும்பி, அரைச்சுவருக்கு மேலாக, மண்டபத்துக்குள் அலுமாரி மேல் குந்தியிருந்த என்னைக் காட்டியது.

"ரீச்சர், ஆனை எங்கை?" என்றார் பெரிய வாத்தியார்.

நான் சேலைத் தலைப்பை வாயிலிருந்து எடுத்தேன். "புத்தகத்துக்குள்ளை ஐயா" என்றேன்.

அந்த இடத்தில் பூமி பிளந்திருக்கலாம். பிளக்கவில்லை. அலுமாரி மேலிருந்தவளுக்குப் பூமியும் எட்டாது.

அடி விழும் என்றுதான் எதிர்பார்த்தேன். ஆனால் கந்தையா அண்ணை மண்டபத்துக்குள் வந்து கையை நீட்டினார். "கொண்டாங்கோ பாப்பம்."

அவர் எழுத்து அறியாதவர். அங்கே நின்றவர்களில் அரைவாசிப் பேர் அப்படித்தான். புத்தகத்தைக் கீழே கொடுத்தேன். அவர் திரும்பிப்போய் முற்றத்தில் குந்தி அதை விரித்தார். பந்தம் பிடித்தவர்கள் பந்தத்தை அணைத்துவிட்டு அவரைச் சுற்றிக் குந்தினார்கள். பெண்கள் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள். மூன்றாவது படத்தில் அந்தத் தாய் ஆனைக்குத் தின்னப் பாண் கொடுத்தாள்.

"ஐயோ, இவளுக்கு என்ன விசரோ!"

"ஒருநாள் குடுத்தா ஒவ்வொரு நாளும் வந்து நிக்குமே!"

நாலாவது படத்தில் ஆனை வீட்டுக்குள் வந்து கதிரையில் இருந்தது. ஒரு பெண் நெஞ்சில் கை வைத்தார். "புருசன்காரன் எங்கை போட்டான்? வீட்டிலை ஒரு ஆம்பிளை இல்லையோ?" எட்டாவது படத்தில் ஆனை பிள்ளையைத் தொட்டிலில் ஆட்டியபோது ஒருவர் எழும்பிப் போய்விட்டார். தன்னால் இதைப் பார்க்க முடியாது என்றார். கடைசிப் படத்தில் ஆனை கட்டிலில் படுத்துப் போர்வை போர்த்தது. கந்தையா அண்ணை வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கட்டில் நல்ல முதிரைப் பலகையாத்தான் இருக்கவேணும்" என்றார் முடிவில்.

நான் வகுப்பில் எதிர்பார்த்த பாடம் இதுதான். ஒருவர் விடாமல் கதைத்தார்கள், சண்டை பிடித்தார்கள், அடுத்து என்ன நடக்கும் என்று நான் கேட்காமலே கேட்டார்கள். நான்தான் அதை அலுமாரிக்கு மேலிருந்து பார்க்க வேண்டியதாயிற்று.

அப்போது மரத்திலிருந்து தளர்ந்த ஒரு குரல் வந்தது. "என்னை ஆராவது இறக்குவியளோ? இஞ்சை முசுறு கடிக்குது."

ஊரிலிருந்து ஏணி கொண்டுவந்தார்கள். முதலில் வித்தியாதரிசி இறங்கினார். கழுத்தெல்லாம் சிவந்து தடித்திருந்தது. செவ்வெறும்புகள் அவரைச் சரியாகப் பரிசோதித்திருந்தன. பிறகு அதே ஏணி மண்டபத்துக்குள் வந்தது. நான் இறங்கும்போது முழுப் பள்ளிக்கூடமும் பார்த்துக்கொண்டு நின்றது. மனத்துக்குள் நான் மறு பஸ்ஸுக்குப் பெட்டி கட்டத் தொடங்கியிருந்தேன்.

பெரிய வாத்தியாரின் கதிரையில் வித்தியாதரிசி இருந்தார். சப்பாத்து இரண்டும் மடியில் இருந்தன. "முதல் சத்தம் போட்ட பிள்ளை ஆர்?" என்று கேட்டார்.

மனோன்மணி போய் முன்னால் நின்றாள். நான் அவளுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். பிழை என்னுடையது என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஏன் பிள்ளை கத்தினனீ?"

மனோன்மணி என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு, ஒவ்வொரு நாளும் கதைக்கிறவள்போல, ஆறுதலாகச் சொன்னாள். "ரீச்சர் கேட்டவா, யார் வந்திருக்கினம் எண்டு. ஒருத்தரும் சொல்லேல்லை. அதாலை நான் சொன்னனான்."

"அது படத்திலை இருக்கிற ஆனை எண்டு உனக்குத் தெரியாதோ?"

"தெரியும்."

"தெரிஞ்சோ இப்பிடிக் கத்தினனீ?"

"எனக்குத் தெரியும். அந்த அம்மாவுக்குத் தெரியேல்லையே" என்றாள் மனோன்மணி. "அவா அங்காலை திரும்பி நிண்டெல்லோ சமைக்கிறா."

வித்தியாதரிசி புத்தகத்தை வாங்கி இரண்டாவது படத்தை விரித்தார். நானும் எட்டிப் பார்த்தேன். அந்தத் தாய் அடுப்பைப் பார்த்து நின்றாள். ஜன்னல் அவளுக்கு முதுகுப் பக்கம். அந்தப் படத்தை நான் குறைந்தது ஐம்பது தடவை பார்த்திருப்பேன். அந்த முதுகு ஒருமுறைகூட என் கண்ணில் பட்டதில்லை.

அன்றைய அதிர்ச்சிகளில் எனக்குப் பெரியது அதுதான். கூட்டத்தில் கையில் கட்டோடு நின்ற ஒரு பெண் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். பெரிய வாத்தியார் தேவையில்லாமல் தண்டவாளத் துண்டைத் தடவிக்கொண்டிருந்தார்.

"நீ இரு பிள்ளை" என்றார் வித்தியாதரிசி மெல்ல. பிறகு, வருகிற அதிகாரிகள் குறிப்பு எழுதும் சம்பவப் புத்தகத்தைக் கேட்டு வாங்கினார். எழுதி, மை காயும்வரை இருந்து, சப்பாத்தை மாட்டிக்கொண்டு, பெரிய வாத்தியாரின் சைக்கிளின் பின்னால் ஏறிக் காரைத் தேடிப் போனார். அவர் வளைவு திரும்பியதும் நான் ஓடிப்போய் வாசித்தேன்.

"இரண்டாம் வகுப்பு மாணவர் படங்களை மிகக் கூர்ந்து நோக்குகின்றனர். ஆசிரியையும் அவ்வாறு நோக்கப் பழகுதல் நன்று. நியமனத்தை நிரந்தரமாக்கலாம். இப்பாடசாலைக்கு ஓர் ஏணி அவசியம்."

ஏணி வரவில்லை. நியமனம் நிரந்தரமானது. மனோன்மணி அதற்குப் பிறகு வாயை மூடவே இல்லை. வருட முடிவில் அவளைக் கொஞ்சம் அமைதியாக இருத்துவதற்கு எனக்கு வேறொரு புது முறை தேவைப்பட்டது.

இரண்டு வருடம் கழித்து எனக்குக் கலியாணம் பேசினார்கள். மாப்பிள்ளை வீட்டார் என்னைப் பற்றி விசாரிக்க ஒரு பெரியவரை அந்த ஊருக்கே அனுப்பினார்கள். அவர் திரும்பிப்போய்ச் சொன்னாராம்: "பிள்ளை குணத்திலை தங்கம். ஊரே கும்பிடுது. ஆனா அலுமாரியிலை ஏறுமாம்."

மாமியார் திகைத்துப்போய், பிள்ளைக்கு நேர்த்திக்கடன் ஏதும் வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறார். மாப்பிள்ளை மட்டும், "எப்பிடி ஏறினவவாம்?" என்று கேட்டாராம். பெண் பார்க்க வந்தபோது என்னிடம் தனியாகக் கேட்ட முதல் கேள்வியும் அதுதான். சேலையோடு, ஒரு கையில் புத்தகத்தோடு, ஆறடியை எப்படித் தாண்டினேன் என்று இன்றைக்கும் தெரியாது.

அவரும் விடுவதாக இல்லை. இத்தனை வருடத்தில் நாங்கள் மூன்று அலுமாரி வாங்கியிருக்கிறோம். மூன்று கடையிலும் அவர் கதவைத் திறந்து பார்த்ததில்லை, தட்டை எண்ணியதில்லை. மேல் பலகையை இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்துவிட்டு, பிள்ளைகள் சிரிக்கச் சிரிக்க, கடைக்காரரிடம் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் கேட்பார்:

"தம்பி, இவ மேலை இருந்தா இது தாங்குமோ?"